சீன எழுத்தும் அரபுத்தமிழும்

கல்வியைத் தேடிச் சீன தேசம் வரையிலும் செல்க என்னும் பொருள்பட ஒரு வாக்கு நம் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவதுண்டு. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறியிருப்பதால், அதை நபிமொழி என்று உறுதிப்படுத்திச் சொல்ல நாம் துணியவில்லை. ஆயினும், தொலைவுக்கும் அருமைக்கும் உரிய ஓர் அடையாளமாகச் சீனம் நம் முன்னோர் உள்ளத்தில் இடம்பெற்றிருந்தது என்பதற்கு அவ்வாக்கின் புகழே போதிய சான்று.

இன்றோ, அந்தச் சீனம் நம் வாசலுக்கே வந்திருக்கிறது. சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் 1964இல் தொடங்கப்பட்ட தொழிற்பேட்டைக்குச் சென்றால், சீனத்தில் செய்யப்பட்ட இயந்திரங்களை அங்குள்ள பட்டறைகளில் காணலாம். இத்தகைய இயந்திரங்கள் சிலவற்றின் விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் இருப்பதுண்டு. ஒன்று 'கை' என்று ஒலிப்பது. திற, இயக்கு என்று பொருள்படுவது. மற்றொன்று 'குவான்' என்று ஒலிப்பது. மூடு, நிறுத்து என்று பொருள்படுவது. அவற்றின் ஒலியும் பொருளும் இயந்திரத்தை ஓட்டும் நம் தொழிலாளிக்குத் தெரியா. எந்த விசையை அழுத்தினால் ஓடும், எதை அழுத்தினால் நிற்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அவர் எழுத்தை அடையாளம் காண்கிறார், படிப்பதில்லை.

அம்பத்தூரிலிருந்து தெற்கே சில கல் தொலைவில் உள்ளது பூந்தமல்லி. கோல்கொண்டா அரசின் ஆட்சி இப்பகுதியில் பரவியிருந்த காலத்தில், 1653இல் எழுந்த பழம்பெரும் பள்ளிவாசல் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் வரலாற்றைச் சொல்வது ஒரு பாரசீகக் கல்வெட்டு. தொழ வருகின்றவர் அக்கல்வெட்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி ஒலித்துவிடக் கூடும். குர்ஆன் ஓதிப் பழகிய கண்களுக்கு அவை அந்நியமானவை அல்ல. ஆனால் மொழி பாரசீகமாதலால் பொருள் விளங்காது.

இனி மூன்றாவது காட்சியைப் பாருங்கள். பூந்தமல்லியும் ஆவடியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேதான், கடலோரத்தில், அரபுத்தமிழ் மரபைப் பேணிய பழவேற்காடும் இருக்கிறது. அவ்வூர் போன்ற ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி நகரங்களுக்கும் புறநகர்களுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அத்தகைய வீடுகளில் பாட்டியார் காலத்துப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றிவைக்கப்பட்ட ஒரு கிதாபு இருந்தால், அது அரபுத்தமிழில் ஆனதாக இருக்கக்கூடும். அதன் எழுத்து அரபு. அது நமக்குத் தெரியும். அதன் மொழி தமிழ். அது நம் தாய்மொழி. எழுத்தும் தெரியும், மொழியும் தெரியும். ஆயினும் அதைப் படிக்க நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சீன எழுத்துப் பலகையைப் படிக்க முடியாததில் வியப்பில்லை. பாரசீகக் கல்வெட்டு விளங்காததிலும் குற்றமில்லை. ஆனால் இந்த மூன்றாவது இயலாமைக்கு நாம் என்ன சமாதானம் சொல்லப் போகிறோம்? இக்கேள்விக்கு விடை தேடும் முன், சீன எழுத்தை எளிதாக்க முயன்ற ஒரு பெண்மணியின் பணியைச் சற்று அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

படம் காட்டிய வழி

தைவான் நாட்டில் பிறந்து இலண்டனில் வாழ்பவர் ஷாவ்லான். அவருடைய தாயார் எழுத்தணிக் கலையில் வல்லவர். இங்கிலாந்தில் பிறந்த தம் மக்களுக்குச் சீன எழுத்தைக் கற்பிக்க முற்பட்டபோது, அது அவர்களுக்கு எத்துணைக் கடினமானது என்பதை அவர் உணர்ந்தார். தாம் சிறுமியாகக் கற்ற முறை, ஓர் எழுத்தைப் பல நூறு தடவை எழுதி எழுதி மனத்தில் பதிக்கும் முறை. அந்நிய மண்ணில் வளரும் பிள்ளைகளிடம் அது செல்லவில்லை. அப்போது அவர் கண்ட வழிதான் 'சைனீஸி' என்னும் சித்திர முறை. 2013இல் டெட் மேடையில் அவர் நிகழ்த்திய சிற்றுரை அம்முறையை உலகறியச் செய்தது. நோமா பார் என்னும் ஓவியரின் படங்களோடு 2014இல் அது நூலாகவும் வெளிவந்தது.

அவருடைய முறை இதுதான். மனிதனைக் குறிக்கும் எழுத்து, நடக்கும் ஒருவனின் இரு கால்களைப் போல இரண்டே கோடுகளால் ஆனது. அக்கோடுகளின் மேல் ஓவியர் ஒரு மனித உருவத்தை வரைந்துவிடுகிறார். வாய் என்பது ஒரு சதுரம். அது திறந்த வாயாகிவிடுகிறது. மரத்தின் எழுத்து கிளையும் வேரும் பெற்று மரமாகவே நிற்கிறது. ஒரு மரத்தோடு மற்றொரு மரம் சேர்ந்தால் தோப்பு. மூன்று மரங்கள் சேர்ந்தால் காடு. மனிதன் மரத்தில் சாய்ந்தால் அது ஓய்வு. கதிரவனும் நிலவும் அருகருகே நின்றால் அது வெளிச்சம். சில அடிப்படை எழுத்துகளைக் கட்டடக் கற்களாகக் கொண்டால், அவற்றை அடுக்கியே பல சொற்களை அடையலாம் என்பது அவர் கருத்து. கற்றறிந்த சீனர் ஒருவர் 20,000 எழுத்துகளை அறிந்திருப்பார் என்றும், அடிப்படை எழுத்தறிவுக்கு 1,000 போதும் என்றும் அவர் தம் உரையில் கூறினார்.

ஓர் உண்மையை இங்கே மறைக்கலாகாது. சீன எழுத்துகள் யாவும் படங்கள் அல்ல. கி.பி. 100 அளவில் ஷூ ஷென் என்னும் அறிஞர் 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளின் கீழ்த் தொகுத்துப் பேரகராதி ஒன்றை ஆக்கினார். எழுத்துகளை அவர் ஆறு வகையாகப் பிரித்தார். அவற்றில் நேரடியான உருவப் படங்கள் மிகச் சிலவே. மிகப் பெரும்பாலானவை, ஒரு பாதி பொருளைச் சுட்ட, மறுபாதி ஒலியைச் சுட்டும் கூட்டெழுத்துகள். தாயைக் குறிக்கும் 'மா' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பாதி பெண். மறு பாதி குதிரை. தாய்க்கும் குதிரைக்கும் ஏதேனும் உறவு உண்டா? இல்லை. குதிரைக்கும் 'மா' என்றே பெயர். ஒலிக்காக மட்டுமே குதிரை அங்கே நிற்கிறது. படத்தை மட்டும் நம்புகின்றவர் இங்கே வழி தவறுவார்.

கப்பலைக் குறிக்கும் எழுத்தைப் பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. அதில் ஓடமும், எட்டு என்னும் எண்ணும், வாயும் இருக்கின்றன. பிரளயத்தில் எட்டுப் பேர் பிழைத்தனர் என்னும் பைபிள் கதையை இதில் கண்டோர் உண்டு. நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பல் என்றதும் நமக்கும் அதை நம்பிவிட ஆசை எழும். ஆனால் எட்டும் வாயும் சேர்ந்த அப்பகுதி ஒலிக்குறியே அன்றி வேறில்லை என்பது எழுத்தாராய்ச்சியாளர் முடிவு. இனிய கதையாக இருப்பதால் மட்டும் ஒன்று வரலாறு ஆகிவிடாது.

நாம் முதலில் கண்ட விசைப்பலகைக்கே திரும்புவோம். 'கை', 'குவான்' என்னும் இரண்டு எழுத்துகளும் பழைய வடிவில் ஒரு கதவுக்குள் எழுதப்பட்டவை. கதவு திறப்பதும் மூடுவதும் அங்கே கண்ணுக்குத் தெரிந்தன. 1956இல் தொடங்கிச் சீன அரசு எழுத்துகளின் கோடுகளைக் குறைத்து எளிமைப்படுத்தியபோது, அவ்விரண்டிலும் இருந்த கதவு நீங்கிவிட்டது. அம்பத்தூருக்கு வந்து சேரும் இயந்திரத்தில் இருப்பவை கதவில்லாத வடிவங்களே. படம் அழிந்தும் எழுத்து வாழ்கிறது. அதை வாழ்விப்பது மக்களின் அன்றாடப் பழக்கம்.

இவற்றால் ஷாவ்லானின் முயற்சி வீண் என்று கருதிவிடலாகாது. தீயைக் குறிக்கும் எழுத்தை, தீப்பற்றிக் கைகளை உயர்த்தும் மனிதனாக அவர் காட்டுகிறார். உண்மையில் அது தீக்கொழுந்தின் வடிவத்திலிருந்து வந்தது என்பதையும் அவரே கூறிவிடுகிறார். படம் ஒரு பாலம். அதில் எவரும் குடியிருப்பதில்லை. ஆனால் அக்கரை சேர விரும்புகின்றவருக்குப் பாலம் வேண்டும். கற்பவருக்கு முன்பே தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெரியாத ஒன்றுக்கு அழைத்துச் செல்லுதல் என்பதே அவர் கையாண்ட நெறி.

புள்ளி காட்டிய வழி

இந்நெறி நமக்குப் புதிதன்று. ஆதியில் அரபு எழுத்தில் இன்று நாம் காணும் புள்ளிகள் பெரும்பாலும் எழுதப்படவில்லை, உயிர்க்குறிகளும் இல்லை. அரபு மக்கள் தம் மொழிப் பழக்கத்தால் பிழையின்றி ஓதினர். இஸ்லாம் பல நாடுகளில் பரவி, அரபு அறியாதார் குர்ஆனை ஓதத் தொடங்கியபோது பிழைகள் நேர்ந்தன. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் இதற்கு ஒரு வழி கண்டதாக வரலாறு கூறும். எழுத்தர் ஒருவரை முன்னே அமர்த்தி, தாம் ஓதும்போது உதடு திறந்தால் எழுத்தின் மேலும், உதடு தாழ்ந்தால் கீழும், உதடு குவிந்தால் பக்கத்திலும் ஒரு புள்ளி வைக்குமாறு பணித்தார்களாம். அப்புள்ளிகளும் மூல எழுத்தின் மையினின்று வேறுபட்ட நிறத்தில் இடப்பட்டன. வாயின் வடிவைக் கண்ணுக்குக் காட்டும் இம்முறையைச் சித்திரக் கல்வி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது! பின்னர் ஒத்த உருவமுள்ள எழுத்துகளைப் பிரித்தறியப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. அதன்பின் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள் உயிர்க்குறிகளுக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தார்கள். நம் மக்தபுப் பிள்ளைகள் ஸபர், ஸேர், பேஷ் என்று இராகம் போட்டுச் சொல்வது அந்தப் பேரறிஞரின் கொடையையே.

சீனத்து முஸ்லிம்களும் இவ்வழியில் நடந்தவர்களே. 16ஆம் நூற்றாண்டில் ஹூ தெங்சோ என்னும் ஆலிம், பள்ளிவாசலைச் சார்ந்த கல்வி முறையை ஷான்ஸி மாநிலத்தில் வளர்த்தெடுத்தார். அத்தகைய பள்ளிகளில் ஓதிய மாணவர் பலருக்கு அரபு எழுத்து தெரியும். வீட்டில் பேசுவது சீனம். ஆனால் சீனத்தின் ஆயிரமாயிரம் எழுத்துகள் தெரியா. அவர்கள் சீன மொழியை அரபு எழுத்தால் எழுதினர். அம்முறைக்கு 'சியாவ்அர்ஜிங்' என்று பெயர். அதில் உயிரொலிகள் யாவும் குறியிட்டு எழுதப்படும். சீன நாட்டில் பிறந்த இந்த எழுத்தை, ஒரு வகையில் நம் அரபுத்தமிழின் உடன்பிறப்பு என்றே கூறலாம்.

சீனமும் தமிழும் அரபு எழுத்தும் ஒரே கல்லில் கூடிய செய்தியும் உண்டு. சீனப் பேரரசரின் கப்பற்படைத் தலைவராக இலங்கைக்கு வந்தவர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த செங் ஹோ. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அவருடைய கல்வெட்டு 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதில் சீனம் ஒரு பகுதி. தமிழ் ஒரு பகுதி. பாரசீகம் ஒரு பகுதி. கடல் வாணிகம் நிகழ்ந்த துறைமுகத்தில் இம்மூன்றையும் படிப்போர் இருந்தனர். அதனாலேயே மூன்றும் பொறிக்கப்பட்டன.

நம் முன்னோர் செய்த பணி

தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வாழ்ந்த நம் ஆலிம்கள் முன் இருந்த நிலைமை இதுவே: பிள்ளைகளுக்கும் பெண்மக்களுக்கும் குர்ஆன் ஓதத் தெரியும், பேச்சு தமிழ். ஆகவே தெரிந்த எழுத்தில் தெரிந்த மொழியை எழுதினால், மார்க்கக் கல்வி அடுப்படி வரையிலும் சென்றடையும். அரபியின் 28 எழுத்துகளில் தமிழின் சில ஒலிகளுக்கு இடமில்லை. பகரம் இல்லை; டகரம் இல்லை; ணகரம் இல்லை. எகர ஒகர உயிர்களும் இல்லை. அவர்கள் புதிய எழுத்து வடிவங்களைத் தேடி அலையவில்லை. ஃபா எழுத்தின் கீழ் ஒரு புள்ளி வைத்துப் பகரமாக்கினர். தாலின் கீழ் புள்ளியிட்டு டகரமாக்கினர். நூனின் கீழ் புள்ளியிட்டு ணகரமாக்கினர். ஜீமுக்கு மூன்று புள்ளிகள் தந்து சகரமாக்கினர். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் தனிக்குறிகள் வகுத்தனர். தமிழ் எழுத்திலேயே எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டைத் தெளிவுறக் காட்ட 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்விரு உயிர்களுக்காக நம் ஆலிம்கள் மேற்கொண்ட கவலையின் அருமை புலப்படும்.

காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் இவ்வெழுத்தில் பெருநூல்கள் இயற்றினார்கள். சட்டதிட்டங்களை விளக்கும் 'ஃபத்ஹுத் தய்யான்' அவற்றுள் ஒன்று. இத்தகைய நூல்கள் கல்லச்சில் பதிக்கப்பெற்று வீடுதோறும் சென்றன. தமிழ் எழுத்தோ ஆங்கில எழுத்தோ அறியாதவர் என்பதால் எழுத்தறிவற்றவர் எனக் கருதப்பட்ட எத்தனையோ தாய்மார், இந்நூல்களைத் தாமே படித்துத் தொழுகையின் சட்டங்களை அறிந்தனர். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தனர்.

அந்நிலை ஏன் மாறியது? பொதுப் பள்ளிகளில் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் வந்தன, அது நன்மையே. தமிழ் எழுத்திலேயே மார்க்க நூல்கள் பெருகின; அதுவும் நன்மையே. புள்ளியிட்ட தனி எழுத்துகள் அச்சகங்களில் அருகின. கற்றவர் மறைய, கற்பிப்பார் இல்லாமற் போயினர். ஒருவரும் பகைமையால் அதை அழிக்கவில்லை. தேவையில்லை என்று எல்லாரும் கைவிட்டோம்.

அதில் உள்ளவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி அச்சிட்டால் போதாதா என்று கேட்போர் உண்டு. மாற்றத்தான் வேண்டும், சிலவற்றை மாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் அரபியின் காஃப், காஃப், கா என்னும் மூன்றையும் நம் ககரம் ஒன்றே சுமக்க வேண்டியிருப்பதை இவ்வரியை வாசிக்கும்போதே கண்டிருப்பீர்கள். பெட்டிகளில் உறங்கும் ஏடுகளை எழுத்து மாற்றுவதற்கும் முதலில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். படிப்போர் ஒருவரும் எஞ்சாத நாளில், நம் ஏடுகள் நமக்கே பூந்தமல்லிக் கல்வெட்டைப் போல ஆகிவிடும்.

செய்ய வேண்டியது

ஷாவ்லான் முன் நின்ற மலை ஆயிரம் எழுத்துகள் கொண்டது. நம் முன் நிற்பதோ ஒரு சிறு மேடு. மக்தபில் ஓதும் பிள்ளைக்கு 28 எழுத்துகளும் முன்பே தெரியும். புதிதாகக் கற்க வேண்டியவை பத்துக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகளும், இரண்டொரு உயிர்க்குறிகளுமே. 'பணம்' என்னும் சொல்லை எழுதிப் பாருங்கள். ஃபாவின் கீழ் ஒரு புள்ளி, நூனின் கீழ் ஒரு புள்ளி, இறுதியில் மீம். பிள்ளைக்குப் புதியவை இரண்டே புள்ளிகள். அவ்விரண்டையும் அபுல் அஸ்வத் (ரஹ்) அவர்கள் காலத்து வழக்கப்படி வேறு நிறத்தில் அச்சிட்டால் கண் தானே கற்றுக்கொள்ளும். 'பாட்டி', 'பட்டணம்' என்று பிள்ளை அறிந்த சொற்களையே பாடமாக அடுக்கலாம். சீன எழுத்துக்கு நேரும் இடர் இங்கே இல்லை. ஒலியெழுத்து ஆதலால், கற்ற அன்றே பொருள் தாய்மொழியில் விளங்கிவிடும்.

கருவிகளுக்கும் குறைவில்லை. அரபுத்தமிழுக்கென விடுபட்டிருந்த இரண்டு எழுத்துகள் 2015இல் வெளியான யூனிகோடு 8ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டன. கணினி ஏற்றுக்கொண்ட எழுத்தை மனிதர் கைவிடுவது முறையா?

வேண்டியவை மெல்லிய ஒரு பாடநூல், ஓர் ஓவியர், ஓர் ஆலிம், மாலை மக்தபில் வாரத்துக்கு ஒரு மணி நேரம். இதைத் தொடங்கக் காயலுக்கும் கீழக்கரைக்கும் போக வேண்டியதில்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு பள்ளிவாசலின் தாழ்வாரம் போதும். முதல் வஹீ ஓதுதலையும் எழுதுகோலையும் பற்றியே பேசிற்று என்று பெருமிதத்தோடு சொல்லும் சமுதாயம் நாம். சீனத்துப் பெண்மணி ஒருத்தி தம் பிள்ளைகளுக்காக ஒரு மலையைக் கடக்கப் பாலம் கட்டினார். நாம் நம் பிள்ளைகளுக்காக இரண்டு புள்ளிகளைச் சொல்லிக் கொடுக்க மாட்டோமா? முயன்றால், இன்ஷா அல்லாஹ், பாட்டியார் பெட்டியில் உறங்கும் கிதாபைப் பேரப்பிள்ளை எடுத்துத் துணியை அவிழ்த்து வாய்விட்டுப் படிக்கும் நாள் தொலைவில் இல்லை.